ஆறு கிலோ ஈயம்

"ஏலே, இம்புட்டு ஈயத்த இடுப்புல கட்டிக்கிட்டா கடல்ல எறங்கணும்? அப்படியே முங்கிப் போயிர மாட்டாகளா?"

காரியாபட்டியிலிருந்து வந்த இருளம்மாள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. சிவகாசி வீட்டுக் கூடத்தில் மகன் சோலைமலை, ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். மருமகள் கற்பகவல்லி பயணச் சாமான்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

'ஒங்க மகன் வீட்டுல அந்தமான் கடலுக்கு அடியில எறங்கப் போறாகளாமே' என்று ஊரில் யாரோ சொன்னதுமே இருளம்மாள் பஸ் ஏறிவிட்டாள். எப்படியாவது தடுத்துவிட வேண்டும்.

"முங்கத்தான ஆத்தா ஈயமே!" சோலைமலை சிரித்தான். பட்டாசு கம்பெனியில் மருந்து நிறுக்கிறவன். எடை என்று பேச்சு வந்தால் விட மாட்டான். "தண்ணிக்குள்ள போடுற ரப்பர் சட்டை தக்கை மாதிரி மேல தூக்கும். இந்த ஆறு கிலோ கீழ இழுக்கும். ரெண்டும் சரியா இருந்தா, ஏறாம எறங்காம நடுத்தண்ணியில நிக்கலாம்."

"எதுக்குலே அப்படி நிக்கணும்?"

"சுனாமிக்கு அப்புறம் அங்கன பவளப்பாறை எம்புட்டு மிஞ்சியிருக்குன்னு ஆராய்ச்சிக்காரக எண்ணப் போறாக. கால் பட்டா ஒடிஞ்சிரும்ல. வியாழக்கிழமை அங்கன சோதனை. அஞ்சு நிமிசம் அசையாம நின்னாத்தான் வேலை."

"அதென்ன கணக்கு, ஆறு கிலோ?"

"அச்சங்குளத்துக் கெணத்துல எறங்கிப் பாத்தாச்சு. மூச்ச நல்லா இழுத்தா தண்ணி கண்ணு மட்டத்துல நிக்கணும். விட்டா மெல்ல எறங்கணும். அங்கன நாலு கிலோ போதும். கடல் உப்புத்தண்ணி, கனம் ஜாஸ்தி, ஆளத் தூக்கும். அதான் ரெண்டு கூட. குளிர்ந்த கடல்னா சட்டை தடிமனா வேணும், ஈயமும் ஏறும். அந்தமான் வெதுவெதுப்புதான்."

"இத ஏரோப்பிளேன்ல விடுவாகளா?"

"பெட்டி இருபது கிலோ தாண்டக்கூடாது. ஈயம் அங்கனயே தருவாக. இது பழைய அச்சாபீஸ் ஈய எழுத்த உருக்கி ஊத்துனது, பழகிப் பாக்க மட்டும். சட்டையும் முகமூடியும்தான் அவகவக அளவுக்குக் கொண்டு போகணும்."

"ஆபத்துன்னா?"

சோலைமலை பெல்ட் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தான். ஈயம் தடாலென்று தரையில் விழுந்தது. "அம்புட்டுத்தான். ஆள் மேல வந்துரும்."

மருந்து நிறுக்கிற பயலுக்குள் இவ்வளவு விஷயமா! இனி எப்படித் தடுப்பது? இருளம்மாள் பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"சாமி காப்பாத்தும். பத்திரமாப் போயிட்டு வாய்யா."

"எனக்கு எதுக்கு ஆத்தா?" அவன் பின்வாங்கினான். "பெல்ட்ட நான் சும்மா கட்டிப் பாத்தேன். எறங்கப் போறது கற்பகம். தூத்துக்குடிக்குப் போயி ஆறு மாசமா இதத்தான படிச்சா. டைப்பிங்னா நெனச்ச?"

கற்பகவல்லி எழுந்து வந்து தலையைக் குனிந்தாள். இருளம்மாள் பொட்டலத்தை அப்படியே உள்ளங்கையில் கொட்டினாள். மருமகளின் நெற்றி நிறையப் பூசினாள்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னலே? கல்யாணமான வருசம் கெணத்துல விழுந்த ஒன்னயத் தலமுடியப் புடிச்சு இழுத்துப் போட்டவ இவ! இவ எறங்குறதுக்கு நான் ஏன்லே பயப்படப் போறேன்!"