எட்டிப் பார்த்த கட்டைவிரல்

பெண் பார்க்க வந்தவர்கள் இப்போதெல்லாம் ஜாதகம் கேட்பதில்லை.

"பஜ்ஜி பிரமாதம்" என்ற மாப்பிள்ளையின் அம்மா, எண்ணெய்க் கையாலேயே நிரஞ்சனாவின் கையைப் பிடித்தாள். "கட்டைவிரல உள்ள வச்சு மடக்கும்மா, பாப்போம்."

மடக்கினாள். விரல்நுனி கைக்கு வெளியே நீளவில்லை. நீண்டால் பரம்பரை நோயின் அடையாளமாம்; அது இல்லாத குடும்பம் என்று எல்லோர் முகமும் மலர்ந்தது. மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பவன்கூட இப்படி இளிக்க மாட்டான்.

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரே பொண்ணுங்க" என்றார் அப்பா, கூசாமல்.

நிரஞ்சனா எழுந்துபோய்ப் பின்னறைத் தாழ்ப்பாளை நீக்கினாள். உள்ளே தங்கை, மடக்கிய கைக்கு வெளியே எட்டிப் பார்த்த கட்டைவிரலை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வெளிய வாடி. நீ போட்ட பஜ்ஜி பிரமாதமாம்."