ஒன்பது தட்டுச் சீர்

பெரியண்ணன் வந்தார். தட்டுகளைப் பார்த்தார். சுருட்டி வைத்திருந்த ஜமுக்காளத்தை உதறி ஒன்பது தட்டுகளையும் மூடிவிட்டார்.

நாகராசுவின் முகம் செத்துப்போயிற்று.

மூடியவர் வேறு யாரும் அல்ல, அவன் அக்காள் கண்ணாத்தாளின் புருஷன். இன்றைக்கு அக்காள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரோடு வந்திருந்தான் நாகராசு. அந்த ஊரில் சீரை நேரே வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் இறக்கி வைக்க வேண்டும். மேளத்தோடு உறவுப் பெண்கள் வந்து ஆளுக்கொரு தட்டாகத் தூக்கிப் போவார்கள். பந்தலில் வைத்து ஊரே எண்ணிப் பார்க்கும்.

அதே பந்தலில் பெரியண்ணனுடைய தம்பி மகளுக்கும் காதுகுத்து. ஒரே ஆசாரி, ஒரே சமையல். அந்தப் பிள்ளையின் தாய்மாமன் மலையாண்டியை இன்னும் காணோம் என்று தெருவில் பேச்சாக இருந்தது. ஆனால் நாகராசுவுக்குத் தன் கவலையே பெரிதாக இருந்தது.

"ஏன் மச்சான் மூடிட்டீங்க?"

"தூசி விழுகுமுல்ல."

வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

துணைக்கு வந்த சித்தி பிச்சையம்மாள் நாகராசுவை முறைத்தாள். அறந்தாங்கியில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே அவளுக்கு இதே பேச்சு. எல்லாம் வெறும் காகிதப் பொட்டலமாக இருக்கிறதே, சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள், பேருக்கு ஒரு கம்பெனி டப்பாவாவது வாங்கக் கூடாதா என்று மாட்டுவண்டியில் ஏறியும் அவள் ஓயவில்லை.

அவன் என்ன செய்வான்? புதுக்கோட்டையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. ரோஜாப் படம் போட்ட சோப்பு, டப்பா பிஸ்கட்டு, டப்பா காப்பித்தூள் என்று போனால் கையிலிருந்த பணம் ஐந்து தட்டுக்குத்தான் கட்டியது. கூட்டுறவுப் பண்டகசாலையில் அவர்களே வறுத்து, அவர்களே அரைத்து, பழுப்புக் காகிதத்தில் கட்டி வைத்திருந்தார்கள். அதே பணத்துக்கு ஒன்பது தட்டு நிறைந்தது. காப்பித்தூளை மோந்து பார்த்துத்தான் வாங்கினான். ஒரு குறையும் இல்லை. சோப்பில் படம் இல்லையே என்று இழுத்ததற்கு, "படத்தைத் தேய்ச்சா குளிக்கப் போறீங்க?" என்று கேட்டார் அங்கே நிறுத்துக் கொடுத்தவர். அப்போது அது நியாயமாகப் பட்டது.

ஒன்பது தட்டு என்று அக்காளுக்குக் கடிதமும் போட்டான். சாமான் எங்கே வாங்கியது என்பதை மட்டும் எழுதவில்லை.

பெரியண்ணன் சித்தியைப் போய்ச் சாப்பிடச் சொன்னார். அவள் அசையவில்லை. இட்லி ஆறிவிடும் என்றார். அதற்கும் அசையவில்லை. காப்பி தீர்ந்துவிடும் என்றதும் போனாள்.

"இதை யாரும் பாத்தாங்களா மாப்ள?"

"இல்ல மச்சான். இப்பத்தான் எறக்குனோம்."

"நல்லதாப் போச்சு."

அந்த ஒரு சொல் அவனைச் சுருக்கென்று தைத்தது. ஆனால் பெரியண்ணன் அடுத்துச் செய்தது விளங்கவில்லை. ஜமுக்காளத்தின் ஓரத்தைத் தூக்கி ஒன்று, இரண்டு என்று தட்டுகளை எண்ணினார். காப்பித்தூள் பொட்டலத்தை மோந்து பார்த்துத் தலையை ஆட்டினார். சோப்புக் கட்டியைக் கையில் வைத்துக் கனம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பொட்டலமாகப் புரட்டி எதையோ தேடினார். வெட்கப்பட்டு மூடுகிறவர் எதற்கு இத்தனை ஆராய்ச்சி செய்ய வேண்டும்?

"கடைப் பேரு எதுவும் அச்சடிக்கலையா?"

"பண்டகசாலைச் சாமான் மச்சான். அவுங்க ஒண்ணும் போட மாட்டாங்க. வெலதான் கம்மி, சரக்கு நல்ல சரக்கு. அக்காவுக்கு இதுனால தலைகுனிவுன்னா சொல்லிருங்க."

அவர் பதில் சொல்வதற்குள் நாகராசு கைக்கடிகாரத்தைக் கழற்றினான். பி.ஏ. பாஸானதற்கு அப்பா நெல் விற்று வாங்கிக் கொடுத்தது. அதை அறந்தாங்கியில் அடகு வைத்து, கம்பெனிச் சாமானாக வாங்கிக்கொண்டு மேளம் புறப்படுவதற்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னான்.

பெரியண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"படிச்சவன்னு பேரு. கடியாரத்தக் கட்டு மாப்ள."

அவரே ஜமுக்காளத்தை விலக்கினார். நான்கு தட்டுகளைத் தனியாகத் தள்ளி வைத்தார்.

"இந்த நாலும் வேணாங்கிறீங்களா?"

"அஞ்சு தட்டு ஒனக்குப் போதுமா, போதாதா? அதச் சொல்லு. போதும்னுதான் ஒங்கக்கா சொல்றா. என்னைய அனுப்புனதே அவதான்."

அக்காளா? நாகராசு விழித்தான். ஒன்பது தட்டு என்று படித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள் என்றல்லவா நினைத்தான்.

"அக்காவுக்குப் போதும்னா எனக்கும் போதும் மச்சான். ஆனா ஏன்?"

தெருவில் மேளம் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பெரியண்ணன் குரலைத் தணித்தார்.

"நீ கம்பெனி டப்பாவா வாங்கியாந்திருந்தா, ரெண்டு சீர்லயும் ஒரே டப்பா எப்படி வந்துச்சுன்னு சனம் கேக்கும். இந்தக் காயிதப் பொட்டலத்த எவன் கண்டான்? நாலையும் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குப் பின்னால வா. விடியக்காலமே வந்து, ஒத்தத் தட்டோட தெருவுக்குள்ள வர முடியாம நிக்கிறான் மலையாண்டி."