அசையாத கோடு

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. புனே நகரில் விடியற்காலை முதல் தூறல். பகல் பதினோரு மணியாகியும் வானம் வெளுக்கவில்லை.

ஔந்த் பகுதியில் உள்ள தம் வீட்டின் சமையல் மேடையருகே கேஷவ் நின்றிருந்தார். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் சென்சார் ஒன்றை, உள்ளங்கை அளவே இருந்த சிறு கணினியோடு இணைத்துக்கொண்டிருந்தார். இரண்டும் அவருடைய மனைவி நீலா ஆன்லைனில் வாங்கியவை.

“மழை வந்தா ரவை கட்டி தட்டிப் போயிடறது, வண்டு வேற. பகல்ல ஆத்துல யாரு இருக்கா பாக்கறதுக்கு? இனிமே பேங்க்ல இருந்தே போன்ல பாத்துப்பேன்” என்றாள் நீலா.

“ரவை டப்பா அலமாரிக்குள்ளன்னா இருக்கு? இதை அங்க வெச்சாத்தானே சரி?”

“வேண்டாம். அடுப்புக்கு மேலயே இருக்கட்டும்.”

ஒயர்கள் மூன்றையும் செருகிய பின்னரும் திரையில் எண் எதுவும் தோன்றவில்லை.

“இருபது வருஷமா ஐடில குப்பை கொட்டறேள். மூணு ஒயர் சொருகத் தெரியலையாக்கும்!”

கேஷவ் ஒயர்களை மீண்டும் ஒருமுறை சரிபார்த்தார். மின்சார ஒயருக்கும் தகவல் ஒயருக்கும் நடுவே சிறிய ரெசிஸ்டர் ஒன்றைப் பொருத்தினார். வெப்பம் இருபத்தாறு, ஈரப்பதம் எழுபத்தொன்று எனத் திரை அறிவித்தது. நெடுநாள்களுக்குப் பின் ஏதோ ஒன்று தம் சொல்லைக் கேட்டதுபோல் அவர் முகம் மலர்ந்தது.

நீலா சென்சாரின் அருகே குனிந்து ஊதினாள். ஈரப்பதம் தொண்ணூறைத் தாண்டியது.

“அடேயப்பா! மூச்சு விட்டாக்கூடக் காட்டிக் குடுத்துடறதே!”

அவர் முகம் வாடியது.

நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அதனை நீலாவிடம் உரைக்க அவருக்கு நா எழவில்லை. நாள்தோறும் பழைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவளுடன் புறப்படுவார். அவளது ஸ்கூட்டர் தெருமுனையில் மறைந்ததும் வீடு திரும்புவார். மதிய உணவு ஆபீஸ் கேன்டீனில் என்பது அவர் சொல்லி வைத்திருந்த பொய். ஆதலால் உச்சிவேளையில் தமக்கு மட்டும் கொஞ்சம் உப்புமா கிளறி, நின்றவாறே உண்பார். அப்போது எண்ணெயில் கடுகு வெடிக்கும் ஓசைதான் பகல் முழுவதும் அவருக்கு வாய்த்த பேச்சுத்துணை.

இனி அதற்கும் வழியில்லை. அடுப்பை மூட்டினால் ஆவி எழும். ஆவி எழுந்தால் நீலாவின் போனில் கோடு உயரும். கோடு உயர்ந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

மறுநாள் திங்கட்கிழமை. வீடு திரும்பிய கேஷவ் சமையலறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. திரைச்சீலையை விலக்கவில்லை, மின்விசிறியைச் சுழல விடவில்லை. கீழே காய்கறி வண்டிக்காரர் “மேத்தி, பாலக்!” எனக் கூவிச் சென்றார். எட்டிப் பார்க்கவும் கேஷவ் அஞ்சினார்.

பிஸ்கட் இரண்டைத் தின்று, தண்ணீர் அருந்திவிட்டுத் தமது போனில் சென்சாரின் வரைபடத்தைத் திறந்தார். காலையில் நீலா காபி போட்டபோது உயர்ந்து இறங்கிய கோடு, அதன்பின் அசையாமல் கிடந்தது. ஆளில்லாத வீட்டின் கோடு இவ்வாறுதான் இருக்கும். தாம் அங்கே இல்லை என்பதற்கு அக்கருவியே சாட்சி. பசி வயிற்றைக் கிள்ளியபோதிலும் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அவர் கையிலேயே போன் ஒலித்தது. நீலா! வேலை நேரத்தில் அவள் அழைப்பதே இல்லை.

“மீட்டிங்ல இருக்கேன் நீலா” என்றார், குரலைத் தாழ்த்தி. “அப்பறமாப் பேசட்டுமா?”

மறுமுனையில் பேங்கின் இரைச்சல் கேட்டது.

“மீட்டிங் கெடக்கட்டும்னா. மணி ஒண்ணு அம்பது ஆறது, இன்னும் ஏன் அடுப்பைப் பத்த வெக்கலை?”