இரண்டும் சாம்பல் நிறம்

"எக்ஸ்ரேல ஒரு விரிசல்கூட இல்லய்யா. சூடு வைக்கப்போறது பிளேடுக்கு, வேர்க்கிறது உனக்கா?"

மேலாளர் முதுகில் தட்டியும் அவன் முகம் தெளியவில்லை. தடித்த கண்ணாடிக்கு அப்பால், அவன் இயந்திரத்தில் அச்சிட்ட டர்பைன் பிளேடின் நுனி, சோதனை அடுப்பின் வாய்க்கு நேராக நின்றது.

பிளேடின் அடிப்பகுதி எஃகு. நுனி, கடும் சூட்டைத் தாங்கும் நிக்கல் கலவை. இரண்டையும் சட்டென்று ஒட்டவைத்தால், சூட்டில் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரிந்து ஒட்டு பிளந்துவிடும். அதனால் லேசர் தூளை உருக்கிப் படலம் படலமாக அடுக்கும்போதே, இயந்திரம் எஃகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிக்கலைக் கூட்டிக்கொண்டே போகும்.

எஃகுத் தூள் இடது டப்பாவில், நிக்கல் தூள் வலது டப்பாவில். இரண்டு தூளும் ஒரே சாம்பல் நிறம், டப்பாக்களும் ஒரே அளவு. இடம் மாறினால் நுனிக்கு எஃகு வந்துவிடும். அது இந்தத் தீயில் தொய்ந்து தொங்கிவிடும்.

போன மாதம் ஒரு பிளேடு வீணானபோதே மேலாளர் சொல்லிவிட்டார், இன்னொன்று வீணானால் அவனுக்கு இங்கே வேலையில்லை என்று.

அடுப்பு பற்றிக்கொண்டது. மேலாளர் வெப்பமானியைப் பார்க்க நகர்ந்ததும், அதே கூடத்தில் வேலை பார்க்கும் அவன் மனைவி அருகில் வந்தாள்.

"என்னங்க, இன்னும் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"நடுவுல பிளந்துடுமோன்னு பயமா இருக்கும்மா. இந்த வேலையும் போச்சுன்னா என்ன செய்வோம்?"

"அதெல்லாம் பிளக்காது. அச்சடிக்க ஆரம்பிச்ச அன்னிக்கே நீங்க சரியில்ல. நான் வந்து உக்கார்றதுக்குள்ள பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடினீங்க."

"மெஷினை ஓட விடணும்ல."

நுனி சிவக்கத் தொடங்கியது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு ரெண்டு டப்பாவையும் இடம் மாத்தி மாட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டீங்க. வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான் அசிங்கம்னு, நானே சத்தமில்லாம எடுத்துச் சரியா மாட்டிட்டேன். இனிமே நிம்மதியா நில்லுங்க."

அவன் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி, சிவந்த நுனியைப் பார்த்தான்.

"பாதிச் சாப்பாட்டுல ஞாபகம் வந்து, நானும் போய் மாத்திட்டேனே."