ஆள்காட்டிப் பறவையின் வேலை

காட்டுச் சபை பத்து வருடத்துக்கு ஒருமுறை கூடி, எந்த வேலை நீடிக்கலாம், எதைக் கலைக்கலாம் என்று முடிவு செய்யும். இம்முறை, வேடன் வந்தால் ஏரிக்கரையில் கத்தும் ஆள்காட்டிப் பறவையின் முறை.

“பத்து வருசத்தில் எத்தனை மான் சிக்கியது?” என்றது தலைவர் கரடி.

“ஒன்றுகூட இல்லை.”

“அப்புறம் காவல் எதுக்கும்மா?”

“நான் கத்தினதாலதானே சிக்கலை! இதுகூடவா புரியலை உங்களுக்கு?”

“சிக்காததை எழுத இந்தப் படிவத்தில் இடமில்லையே, தாயி.”

மான்களும் தலையாட்டின. வேலை போயிற்று. பறவையைத் தூரத்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் தாகத்தோடு ஏரிக்கு வந்த மான்கள் குனியாமல் நின்றன. முன்பெல்லாம் சத்தம் கேட்கவில்லை என்றால் பயமில்லை. இன்றும் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் கண்ணெதிரே கிடக்க, அவை மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.