ஒத்துக்கொண்டவன்

"சைக்கிளையெல்லாம் பூட்டி வைங்கப்பா, ஆள் வந்துட்டாரு!"

பேக்கரி கல்லாவில் இருந்தவன் சத்தம் போட்டான். உள்ளே ரொட்டி அடுக்கியவர்கள் சிரித்தார்கள்.

வந்தவர் முன்பு அங்கே மாவு பிசைந்துகொண்டிருந்தவர். நேராகப் போய் முதலாளி முன்னால் நின்றார்.

"வேலைக்கு வரட்டுமா முதலாளி?"

"திருடனை மாவுல கை வைக்க விடணுமா?"

"திருடல முதலாளி. இருட்டுல வேலை முடிச்சுட்டுப் போறேன். கடை வாசல்ல நின்ன ரெண்டும் கறுப்பு சைக்கிள், ரெண்டு மேலயும் நம்ம மாவு. மருந்துக்கடைக்காரர் வண்டியை மாத்தி எடுத்துட்டேன். என் வண்டி அங்கேயே கிடந்துச்சே!"

"அப்புறம் ஏன்யா கோர்ட்டுல தலையை ஆட்டினே?"

"ஜாமீனுக்குப் பணம் கட்டச் சொன்னாங்க. அட்வான்ஸ் கேட்டு வீட்டுக்காரி உங்ககிட்ட வந்தாளே..."

"வந்தா. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்னு அனுப்பிட்டேன்."

"கட்டலேன்னா கேஸ் முடியற வரைக்கும் உள்ளதான். ஒத்துக்கிட்டா, உள்ள இருந்த நாளையே தண்டனையாக் கழிச்சு அன்னிக்கே விட்டுடுவாங்கன்னாரு வக்கீல். அவளுக்கு நிறைமாசம். கூட யாருமில்ல. ஒத்துக்கிட்டேன்."

கல்லாக்காரன் குரல் இறங்கியது. "என்ன குழந்தை?"

"பொண்ணு. நேத்துதான்."

முதலாளி மசியவில்லை.

"கோர்ட்டே உன்னைக் குற்றவாளின்னு சொல்லிடுச்சு. உன்னை வெச்சுக்கிட்டா என் ரொட்டியை எவன் வாங்குவான்? தப்பு செய்யாதவன் கடைசி வரைக்கும் கேஸை நடத்துவான்யா. போ, போ."

ஆணியில் அவருடைய பழைய ஏப்ரன் தொங்கியது. பார்த்தார். எடுக்கவில்லை. படியிறங்கிவிட்டார்.

"யாரையும் நம்ப முடியல," என்றபடி முதலாளி கார் சாவியைத் தேடினார். "கடையைப் பார்த்துக்கோ. எனக்குக் கோர்ட்டுல வாய்தா."

"அந்தக் கார் கேஸ் இன்னுமா முடியல?"

"எங்கே முடியுது? சைக்கிள்ல வந்தவன் குறுக்கே விழுந்து செத்தான். அன்னிக்குச் சாயங்காலமே ஜாமீன் கட்டி வெளியே வந்துட்டேன். வருஷக்கணக்கா இழுக்குது. இழுக்கட்டும்."

கல்லாக்காரன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மாவு பிசைகிறவர் தெருமுனை வரை நடந்தே போய்விட்டிருந்தார்.

"என்னடா முழிக்கிறே? தீர்ப்பு வர்ற வரைக்கும் நான் நிரபராதிடா!"