இரண்டு விரல் அகலம்

மருத்துவமாது பத்மாசனி அந்தத் தாளை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டு விரல் அகலம் கட்டையாக இருந்தது.

சல்லிக் கிராமத்து வாசிகசாலையில் அன்று சின்னமுத்து அம்மைக்கான தடுப்பூசி. பன்னிரண்டு தாய்மார் வந்திருந்தார்கள். ஒருத்தியும் பிள்ளையின் கையை நீட்டவில்லை. ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பிள்ளையைச் சின்னமுத்தோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது போன கிழமைதான். அப்படியிருந்தும் நீட்டவில்லை.

காரணம் அந்தத் தாள். ஊசி போட்ட பெண் பிள்ளைகளுக்குப் பின்னாளில் குழந்தை தங்காது என்று இன்ரர்நெற்றில் வந்தது. கொண்டுவந்து வாசித்துக் காட்டியவள் இரத்தினேஸ்வரி. கனடாவில் இருக்கும் தம்பி ஈமெயிலில் அனுப்பியதை, பஸ் ஏறி ரவுணுக்குப் போய் ஒரு கொமியூனிகேசன் கடையில் பிரிண்ட் எடுத்திருந்தாள்.

"கடிதம் எண்டால் ஆர் எழுதினது, ஆருக்கு எழுதினது எண்டு மேலை இருக்கவேணுமே அக்கா. இதிலை அது எங்கை?" என்று பத்மாசனி கேட்டாள்.

கேட்டதில் துளி கோபமில்லை. அதுதான் இரத்தினேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தப் பத்மாசனி மிஸ் கப்பல்துறையிலிருந்து மாற்றலாகி வருவதற்கு முன், சல்லிக்கு ஒரு தாள் வந்தால் அது இரத்தினேஸ்வரியின் வீட்டுக்குத்தான் போகும். நிவாரணப் படிவமோ, கடலுக்குப் போகும் பாஸோ, அவள் வாசித்துச் சொன்னால்தான் ஊர் நம்பும். இப்போது இருமலுக்கும் மிஸ், இங்கிலிஸ் கடிதத்துக்கும் மிஸ். போதாக்குறைக்குச் சொந்தப் புருஷன் யோகலிங்கமே சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, மிஸ்ஸிடம் கேட்டாயா என்கிறான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இரத்தினேஸ்வரி, கடைக்காரனின் மெஷினில் அப்படித்தான் வந்தது என்று சொல்லி முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். தாய்மார் அவள் பக்கமே நின்றார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு. இனிக்கத்தான் செய்தது.

பத்மாசனி வற்புறுத்தவில்லை. ஊசி போடாவிட்டாலும் பெயர் பதிய வேண்டும், கிளினிக் அட்டைகளைத் தாருங்கள் என்றாள்.

சண்டைக் காலத்தில் அட்டை எடுக்க யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அடையாள அட்டை, பாஸ், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே சொப்பின் பையில் இருக்கும். எந்த நேரம் ஓட வேண்டி வருமோ என்று அந்தப் பை எப்போதும் கையிலேயே இருக்கும். வென்றுவிட்ட மிதப்பில் இரத்தினேஸ்வரியும் மகளின் அட்டையை உருவிக் கொடுத்தாள்.

கொடுத்த பிறகுதான் அதற்குள் என்ன இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

பத்மாசனி அட்டையை விரித்தாள். போன வியாழக்கிழமை ரவுண் கிளினிக்கில் மகளுக்கு அதே ஊசி போட்ட முத்திரை இருந்தது. மடிப்புக்குள் இரண்டு விரல் அகலத்தில் ஒரு தாள் துண்டும் இருந்தது. 'அன்புள்ள அக்கா' என்று தொடங்கியதால், கத்தரித்த பிறகும் எறிய மனம் வராமல் இரத்தினேஸ்வரி செருகி வைத்தது.

மிஸ் அதை வாசித்தாள். இனி ஊரே காறித் துப்பும் என்று இரத்தினேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

மிஸ் துண்டை மடித்து அட்டைக்குள்ளேயே வைத்தாள். அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா தன்ரை பிள்ளைக்குப் போன கிழமையே போட்டிட்டா. ஏனெண்டு அவவையே கேளுங்கோ."

எல்லா முகங்களும் இரத்தினேஸ்வரியிடம் திரும்பின. பழைய நாட்களில் போலவே. யோசித்துப் பார்த்தேன், பயமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் தப்பிவிடும். அவள் இவ்வளவு நாளாய் ஏங்கிக் கிடந்ததை மிஸ் பிச்சையாகப் போட்டுவிட்டாள். கெட்டிக்காரி என்பது போதாதா, இவள் நல்லவளாகவும் இருக்க வேண்டுமா?

இவள் தயவில் தப்புவதைவிட ஊரின் ஏச்சு மேல்.

இரத்தினேஸ்வரி அந்தத் துண்டை எடுத்தாள். ஊருக்கு வாசித்துக் காட்டிப் பழகிய அதே குரலில் வாசித்தாள்.

'அன்புள்ள அக்கா, கீழே இருப்பது இங்கே சுற்றித் திரிகிற பச்சைப் பொய். அங்கேயும் வந்து சேரும். சனத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.'